கலீல் நகரத்துக் கண்ணாடி

 

உங்கள் வீட்டை ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். சுவரில் முகம் பார்க்கத் தொங்குவது கண்ணாடி. வாப்பாவின் மூக்கில் இருப்பது கண்ணாடி. யன்னலில் கண்ணாடி, அலுமாரிக் கதவில் கண்ணாடி, மகளின் கையில் குலுங்குவதும் கண்ணாடி வளையல். இத்தனைக்கும் நாம் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சமாளிக்கின்றோம். கொஞ்சம் பிரித்துச் சொல்ல வேண்டி வந்தால் குப்பி, சீசா, போத்தல், சிமினி என்று சொல்லுவோம். அவ்வளவுதான்.

அரபு மொழி இந்த விடயத்தில் செல்வம் மிகுந்தது. முகம் பார்ப்பது மிர்ஆத். கண்ணுக்கு அணிவது நள்ளாரா. கண்ணாடி என்ற பொருளுக்கு ஸுஜாஜ். அதில் ஒரு துண்டு அல்லது ஒரு பாத்திரம் என்றால் ஸுஜாஜா. பளிங்கு போன்று தெளிந்த உயர்ரகம் பில்லவ்ர். வாய் குறுகிய குப்பி காரூரா. அதன் பன்மை கவாரீர். சுர்மா வைக்கும் சிறு குப்பி முக்ஹுலா. நமது கலியாண வீட்டு வாசலில் நிற்கும் பன்னீர்ச் செம்பு இருக்கின்றதே, அதற்கும் ஒரு பெயர் உண்டு: கும்கும். ஒரு காலத்தில் ஷாம் தேசத்தில் அதையும் கண்ணாடியிலேயே ஊதிச் செய்தார்கள். பானை போன்ற வயிறும், நாணல் போல ஒடுங்கிய நீண்ட கழுத்தும் உடையது அது.

இன்னும் ஒரு நுட்பத்தைப் பாருங்கள். கஃஸ் என்றால் பானக் கிண்ணம் என்று மத்ரஸாவின் சிறு பிள்ளையும் சொல்லும். ஆனால் உள்ளே பானம் இருந்தால் மட்டுமே அது கஃஸ். வெறுமையாக இருந்தால் அது ஸுஜாஜாதான் என்று அரபு அகராதி அறிஞர்கள் எழுதி வைத்திருக்கின்றனர். நிரம்பிய பின்னரே ஒரு பாத்திரத்துக்கு அதற்குரிய பெயர் கிடைக்கின்றது!

இருபது வருடங்களாக இச்சொற்களை மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்து வருபவன் நான். கிதாபின் தாளில் கிடந்த சொற்கள், நெருப்பின் முன்னே மனிதர்களின் கைகளில் புழங்குவதைக் காணும் பாக்கியம் 2018ஆம் ஆண்டில் கிடைத்தது. அந்த ஊருக்கு உங்களையும் அழைத்துச் செல்லவே இந்தக் கட்டுரை.

அல்-கலீலுக்குப் போகும் வழி

பைத்துல் முகத்தஸிலிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கின்றது அல்-கலீல் நகரம். ஹெப்ரோன் என்று படங்களில் போட்டிருப்பார்கள். அல்லாஹ்வின் நண்பர் என்ற பொருளில் கலீலுல்லாஹ் எனப் பெயர் பெற்ற நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் பெயரால்தான் இந்த ஊர் அழைக்கப்படுகின்றது. கடல் மட்டத்திலிருந்து 900 மீற்றருக்கும் மேலே, மலைகளின் மீது அமைந்த ஊர். வழி நெடுக முந்திரிகைத் தோட்டங்கள். எங்கள் நுவரெலியாப் பக்கத்துக் குளிர்காற்று ஞாபகத்துக்கு வரும். ஆனால் மண் மட்டும் வெளிறிய கல் மண்.

நகரின் நடுவே இப்ராஹீமிய்யா பள்ளிவாசல் கோட்டை போல எழுந்து நிற்கின்றது. நபி இப்ராஹீம், ஸாரா, இஸ்ஹாக், ரிஃப்கா, யஃகூப் (அலைஹிமுஸ்ஸலாம்) ஆகியோரின் மகாம்கள் அங்கே உள்ளன. 1994 பெப்ரவரி 25ஆம் திகதி, றமழான் மாதத்து ஸுப்ஹுத் தொழுகையில் நின்றிருந்தவர்கள் மீது ஆயுததாரி ஒருவன் சுட்டதில் 29 பேர் ஷஹீதானார்கள். அதன் பின்னர் பள்ளிவாசல் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 1997ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி நகரமே இரண்டு பகுதிகளாக ஆனது. பழைய நகரத்துக் கடைத்தெருவில் நடக்கும்போது பூட்டிய கதவுகள் வரிசையாகத் தெரியும். தலைக்கு மேலே கம்பி வலை கட்டியிருக்கின்றார்கள். மேலே குடியேறி இருப்போர் எறியும் குப்பைகள் அந்த வலையில் தங்கி நிற்கும்.

அந்தப் பழைய நகரில் ஒரு பகுதிக்கு ஹாறத்துல் கஸ்ஸாஸீன் என்று பெயர். கிதாபு அரபியில் ‘கஸ்ஸாஸ்’ என்றால் பட்டு வியாபாரி. எனவே இது பட்டுக்காரர் தெரு என்றுதான் நம்மைப் போன்றவர்கள் அர்த்தம் சொல்லுவோம். ஆனால் ஷாம் மக்களின் பேச்சு வழக்கில் கண்ணாடிக்கு ‘கிஸாஸ்’ என்று பெயர். ஆகவே அது கண்ணாடிக்காரர் தெரு! அகராதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஊரைப் புரிந்துகொள்ள முடியாது என்பதற்கு இந்த ஒரு தெருவின் பெயரே போதும்.

இன்று அந்தத் தெருவில் கண்ணாடிச் சூளைகள் இல்லை. பெயர் மட்டும் இருக்கின்றது. எஞ்சியுள்ள விரல்விட்டு எண்ணக்கூடிய சூளைகள், நகரின் வடக்கு வாசல் பக்கம், பெரும் பாதை ஓரத்தில் இயங்கி வருகின்றன. எங்கள் பஸ் நின்றதும் அங்கேதான்.

சூளையின் முன்னே

உள்ளே நுழைந்ததும் முதலில் வெப்பம் முகத்தில் அறையும். அதன் பின்னரே கண் பழகும். மூலையில் உடைந்த போத்தல்களும் யன்னல் கண்ணாடித் துண்டுகளும் குவிந்து கிடக்கின்றன. அதுதான் மூலப்பொருள். முற்காலத்தில் நகருக்குக் கிழக்கே உள்ள பனீ நயீம் கிராமத்து மணலையும், சாக்கடலின் பக்கத்திலிருந்து கிடைத்த சோடாக் காரத்தையும் சேர்த்து உருக்கினார்கள். இப்போது பழைய கண்ணாடியையே உருக்குகின்றார்கள்.

மணலும் காரமும் ஏன் சேர வேண்டும்? மணல் தனியே உருகுவதற்கு 1,700 பாகை அளவில் வெப்பம் வேண்டும். விறகு அடுப்பால் அது ஆகாது. சோடாக் காரத்தைச் சேர்த்தால் மிகக் குறைந்த வெப்பத்திலேயே மணல் இளகிவிடும். ஆனால் காரம் மட்டும் சேர்ந்தால் அந்தக் கண்ணாடி தண்ணீரில் கரையும். ஆகவே கொஞ்சம் சுண்ணாம்பும் கலந்திருக்க வேண்டும். மணல், காரம், சுண்ணாம்பு: நம் வீட்டுத் தேத்தண்ணிக் கிளாசும் இந்த மூன்றின் பிள்ளைதான்.

சூளைக்கு அவர்கள் சொல்லும் பெயர் ஃபுர்ன். ரொட்டி சுடும் அடுப்புக்கும் அதே பெயர்தான். இலங்கையில் நாம் பாண் சுடும் இடத்தைப் போறணை என்கின்றோம் அல்லவா? அது போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். அதன் வேர் லத்தீன் மொழியில் இருக்கின்றது. அரபியரின் ஃபுர்னும் அதே வேரிலிருந்து வந்ததுதான். இத்தாலியின் கண்ணாடிக்காரர்கள் தங்கள் சூளையை ஃபோர்னாச்சே என்பர். கலீலின் ஃபுர்னும், எங்கள் தெருமுனைப் போறணையும் சொல்லால் உறவுக்காரர்கள்!

தொழிலாளி ஒருவர் சூளையின் வாய்க்கு முன்னே தாழ்ந்த ஆசனத்தில் இருக்கின்றார். கையில் நீண்ட இரும்புக் குழாய். அதன் நுனியை உள்ளே விட்டுச் சுழற்றி எடுக்கின்றார். தேன்பாகு போல, செந்தணல் நிறத்தில் ஒரு கட்டி நுனியில் ஒட்டிக்கொண்டு வருகின்றது. அதை ஒரு தட்டையான இரும்புப் பலகையில் உருட்டி ஒழுங்காக்குகின்றார். குழாயின் மறுமுனையில் வாயை வைத்து ஊதுகின்றார். கட்டி குமிழாகின்றது.

ஊதுதல் என்பதற்கு அரபியில் நஃப்க். கண்ணாடி ஊதுபவர் நஃப்பாகுஸ் ஸுஜாஜ். குர்ஆனில் ஆதம் (அலை) அவர்களுக்கு ரூஹு ஊதப்பட்டதைக் கூறும் இடத்திலும் இதே வேர்ச்சொல்தான் வருகின்றது. படைத்தவனின் செயலையும் படைப்பின் செயலையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. என்றாலும் அந்தச் சொல்லின் நேரடிப் பொருளை, குழாயின் நுனியில் வீங்கி வரும் அந்தச் செங்குமிழைப் பார்க்கும்போது நன்கு விளங்கிக்கொள்ளலாம்.

இந்த ஊதும் கலை பிறந்ததே இந்தக் கரையோரப் பிரதேசத்தில்தான், கி.மு. முதலாம் நூற்றாண்டில். அதற்கு முன்னர் கண்ணாடிப் பாத்திரம் அரசர் வீட்டுப் பொருள். களிமண் அச்சின் மேல் சுற்றியோ, வார்த்தோ ஒவ்வொன்றையும் நாட்கணக்கில் செய்வார்கள். ஊதக் கற்றுக்கொண்ட பின்னர் ஒரு குப்பி சில நிமிட வேலையானது. ஏழையின் வீட்டுக்கும் கண்ணாடி வந்தது அப்படித்தான்.

ஊதிய குமிழை விரித்து, கழுத்தை ஒடுக்கி, வாயை அகட்டுவதற்கு அவர் கையில் ஓர் இரும்பு இடுக்கி இருக்கின்றது. அதன் பெயர் கம்மாஷா. ‘பற்றிப் பிடிப்பது’ என்று பொருள். அந்த ஓர் இடுக்கிதான் கழுத்தையும் செய்கின்றது, உதட்டையும் செய்கின்றது, கைபிடியையும் வளைக்கின்றது. பாத்திரத்தின் அடியில் இன்னொரு கம்பியை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, ஊதுகுழாயை மெல்லத் தட்டிக் கழற்றுகின்றார். இப்போது வாய்ப்பக்கம் சூளைக்கு நேரே திரும்புகின்றது. மீண்டும் சூடாக்கி வாயை முடிக்கின்றார். ஒரு சிறு சாடி முடிவதற்குச் சில நிமிடங்களே ஆகின்றன.

ஆனால் உடனே அதை எடுத்து மேசையில் வைப்பதில்லை. பக்கத்தில் உள்ள வெப்பம் குறைந்த அறைக்குள் வைத்துவிடுகின்றார்கள். அங்கே அது மணிக்கணக்கில் மெல்ல மெல்ல ஆறும். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் மேற்புறம் முதலில் இறுகிவிடும். உட்புறம் பின்னர் சுருங்கப் பார்க்கும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். பார்வைக்குக் குறை ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு நாள், யாரும் தொடாமலேயே வெடித்துவிடும். தடித்த கிளாசில் கொதிக்கும் தேத்தண்ணியை ஊற்றும்போது ‘படக்’ என்று கீறுவதும் இதே காரணத்தால்தான்: உட்பக்கம் சூடாகி விரிகின்றது, வெளிப்பக்கம் இன்னும் குளிராக இருக்கின்றது. மெல்லிய கிளாசைவிடத் தடித்த கிளாசே இதில் முதலில் வெடிக்கும். ஒரு கரண்டியைப் போட்டுக்கொண்டு, முதலில் சிறிதளவு ஊற்றிச் சுழற்றிவிட்டுப் பின்னர் நிரப்பும் உங்கள் பழக்கம் சரியான பழக்கமே.

நிறங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோபால்ட் சேர்த்தால் ஆழ்ந்த நீலம். செம்பு சேர்த்தால் மயில்நீலமும் பச்சையும். மங்கனீசு ஊதா தரும். மணலில் இயல்பாகவே உள்ள இரும்பு, பழைய போத்தல்களில் காணும் இளம் பச்சையைத் தரும். கலீல் நகரத்தின் பெயரைப் பரப்பியது அந்த ஆழ்ந்த நீலம்தான்.

பிரயாணிகள் கண்ட ஊர்

இத்தொழில் இந்த ஊருக்கு நேற்று வந்ததல்ல. 14ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ஒருவர் கலீல் மக்களின் கண்ணாடி வேலையைப் புகழ்ந்து எழுதினார். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த ஜேர்மன் துறவி ஃபெலிக்ஸ் ஃபாப்ரி, தெரு நெடுகக் கண்ணாடி வேலைக்காரர்களைக் கண்டதாகவும், இங்கு செய்யப்படுவது தெளிந்த கண்ணாடியல்ல, கறுப்பும் மங்கல் நிறங்களும் கொண்டது என்றும் குறித்தார். 1780களில் வந்த பிரெஞ்சுக்காரர் வோல்னி, நிறக் கண்ணாடி வளையல்களும் மோதிரங்களும் இங்கிருந்து இஸ்தான்பூல் வரை செல்வதைப் பதிவு செய்தார். மிஸ்ருக்கும் சூடானுக்கும் ஒட்டகங்களில் பாசிமணிகள் சென்றன.

அக்காலத்துப் பலஸ்தீனக் கிராமத்துப் பெண்களுக்குக் கலீல் வளையல் பெருநாள் பொருள், கலியாணப் பொருள். நமது உம்மாமாருக்குக் கண்ணாடி வளையல் எப்படியோ அப்படியே அவர்களுக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியத் தொழிற்சாலைகளின் மலிவான சாமான்கள் கப்பலில் வந்து இறங்கத் தொடங்கின. சூளைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. வளையல் சந்தை போனது. எஞ்சியவர்கள் பயணிகள் வாங்கும் சாடி, கிண்ணம், விளக்கு ஆகியவற்றுக்கு மாறினார்கள்.

2016இல் உலகக் கைவினை மன்றம் கலீலைக் கைவினை நகரமாக அறிவித்தது. 2017இல் பழைய நகரம் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் பட்டியல் சோறு போடாது. பாதைகள் மூடப்படும் நாட்களில் பஸ்கள் வருவதில்லை. 2023 ஒக்டோபருக்குப் பின்னர் ஸியாரத் குழுக்களின் வரவு பெரும்பாலும் நின்றுபோயிற்று. வாங்குவோர் இல்லாவிட்டால் சூளைக்கு நெருப்பு எதற்கு? ஒரு சூளை அணையும்போது சரக்கு மட்டும் நிற்பதில்லை. கம்மாஷாவைப் பிடிக்கும் கை போகும். கை போனால் சொல்லும் போகும். பிறகு அது எங்களைப் போன்றவர்களின் கிதாபில் மட்டும் கிடக்கும்.

கண்ணாடிக்காரர் என்ற இமாம்

குர்ஆனின் பொருள் பற்றி எழுதிய பெரும் மொழியறிஞர்களில் ஒருவர் அஸ்-ஸஜ்ஜாஜ். தஃப்ஸீர் கிதாபுகளில் ‘ஸஜ்ஜாஜ் கூறினார்’ என்று அடிக்கடி வரும். ஸஜ்ஜாஜ் என்றால் கண்ணாடி வேலைக்காரர்! பக்தாதில் கண்ணாடியைக் கடைந்து, மினுக்கிப் பிழைத்தவர் அவர். நாளொன்றுக்கு ஒன்றரை திர்ஹம் கூலி. நஹ்வு இலக்கணம் கற்க ஆசைப்பட்டு இமாம் முபர்ரதிடம் போனார். முபர்ரத் சம்பளம் வாங்காமல் கற்பிப்பவர் அல்லர். ஆகவே தினமும் ஒரு திர்ஹம் ஆசிரியருக்கு என்று ஒப்பந்தம். மீதி அரைத் திர்ஹத்தில்தான் சீவியம். படித்துப் பெரியவராகி, வேலை கிடைத்த பின்னரும், ஆசிரியர் உயிரோடு இருக்கும் வரை அந்த ஒரு திர்ஹத்தை அவர் நிறுத்தவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் வபாத்தானார். அவருடைய மாணவர் ஒருவர், ஆசிரியரின் பெயரால் ஸஜ்ஜாஜீ என்றே அழைக்கப்பட்டு, அவரும் புகழ்பெற்ற இலக்கண நூல் ஒன்றை எழுதினார்.

தங்கள் பிள்ளையின் தகப்பன் கைத்தொழில் செய்பவர் என்று கூறக் கூச்சப்படும் தாய்மார்கள் இந்த இமாமின் பெயரை ஒரு தடவை நினைத்துக்கொள்ள வேண்டும். மினுக்கிய கண்ணாடியின் பெயரே அவருக்கு ஆயிரம் வருடத்துப் பட்டமாகிவிட்டது.

மிஷ்காத் எது? விளக்கு எது?

ஸூறத்துந் நூரின் 35ஆம் வசனத்தை அறியாதவர் இல்லை. அதிலே மிஷ்காத், மிஸ்பாஹ், ஸுஜாஜா என்ற மூன்று சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. மிஷ்காத் என்பது சுவரில் உள்ள விளக்கு மாடம். நமது பழைய மண்வீடுகளில் குப்பிலாம்பு வைக்கச் சுவரில் ஒரு குழி விட்டிருப்பார்களே, அதுவேதான். மிஸ்பாஹ் என்பது எரியும் விளக்கு. ஸுஜாஜா அதைச் சூழ்ந்த கண்ணாடி. மாடம் ஒளி சிதறாமல் ஒரு பக்கம் குவிக்கும். கண்ணாடி காற்றைத் தடுக்கும், சுடரைத் தெளிவாக்கும். காற்றடிக்கும் இரவில் சிமினி இல்லாத லாம்பை வைத்துக்கொண்டு பாடம் படித்தவர்களுக்கு இந்த உவமையின் அருமை சொல்லாமலே விளங்கும். மத்ரஸாக்களில் ஓதப்படும் ஹதீஸ் தொகுப்புக்கு ‘மிஷ்காத்துல் மஸாபீஹ்’, விளக்குகளின் மாடம் என்று பெயர் வந்ததும் இதனால்தான்.

காலம் செல்லச் செல்ல ஒரு மாற்றம் நடந்தது. கெய்ரோவிலும் ஷாமிலும் மம்லூக் சுல்தான்கள் தங்கள் பள்ளிவாசல்களுக்குக் கண்ணாடி விளக்குகளைச் செய்வித்தார்கள். விரிந்த கழுத்து, புடைத்த வயிறு, சங்கிலி மாட்டச் சிறு காதுகள், கீழே பாதம். அதன் உள்ளே எண்ணெயும் திரியும் கொண்ட சிறு கிண்ணம். கழுத்தைச் சுற்றி அந்த நூர் வசனத்தையே எழுதினார்கள். நாளடைவில் அந்தக் கண்ணாடி விளக்கையே மக்கள் மிஷ்காத் என்று சொல்லத் தொடங்கினர். மாடத்தின் பெயர் விளக்குக்கு மாறியது!

அந்த எழுத்துகளுக்கு இரண்டு கலைச்சொற்கள் உண்டு. ஒன்று தத்ஹீப்: தங்கப் பூச்சு. மற்றது மீனா: நிறக் கண்ணாடித் தூளைக் குழைத்துத் தூரிகையால் எழுதி, மீண்டும் சூளையில் வைத்து, பாத்திரத்தோடு ஒன்றாக உருகிப் பிடிக்கச் செய்வது. பாத்திரம் வளைந்துவிடாமல், தூள் மட்டும் உருக வேண்டும். கரணம் தப்பினால் மரணம் என்பது போன்ற வேலை. நகைக் கடைகளில் மீனா வேலை என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள், அதே சொல்தான்.

1356இல் தொடங்கிக் கட்டப்பட்ட கெய்ரோவின் சுல்தான் ஹஸன் பள்ளிவாசலின் விளக்குகள் பல இன்று அந்நகரின் இஸ்லாமியக் கலை நூதனசாலையில் உள்ளன. 2014 ஜனவரி 24ஆம் திகதி எதிரே இருந்த பொலிஸ் தலைமையகத்தைக் குறிவைத்து வெடித்த குண்டு, நூதனசாலைக்குள்ளும் பெரும் நாசத்தை விளைவித்தது. அறுநூறு வருடங்களைத் தாண்டிவந்த விளக்குகளில் சில அந்த ஒரு காலையில் தூளாயின. பழுது பார்ப்போர் துண்டு துண்டாகப் பொறுக்கி ஒட்டினார்கள். 2017 ஜனவரியில் நூதனசாலை மீண்டும் திறக்கப்பட்டது.

யன்னலுக்கும் ஒரு வார்த்தை. சுண்ணச் சாந்துப் பலகையில் பூவும் கொடியுமாகத் துளை வெட்டி, பின்னால் நிறக் கண்ணாடி பதிப்பார்கள். கமர் என்ற சந்திரனின் பெயரால் கமரிய்யா என்றும், ஷம்ஸ் என்ற சூரியனின் பெயரால் ஷம்ஸிய்யா என்றும் அவற்றை அழைப்பர். ஊருக்கு ஊர் வழக்கு மாறும். மஸ்ஜிதுல் அக்ஸாவில் இத்தகைய யன்னல்களைச் செய்யவும் பழுதுபார்க்கவும் கைவினைஞர்கள் இருக்கின்றார்கள். ஒரு யன்னலுக்கே பல மாதங்கள் பிடிக்கும். துளைகளை நேராக வெட்டாமல், கீழ்நோக்கிச் சரிவாக வெட்டுவார்கள். கீழே தொழுது இருப்பவரின் மேல் நிற ஒளி இறங்க வேண்டும் என்பதற்காக.

கிழக்கிலிருந்து மேற்கே

இன்று கண்ணாடி என்றால் உலகம் சொல்லும் பெயர் வெனிஸ். அதன் அருகே உள்ள முரானோத் தீவு. தீப்பிடிக்கும் பயத்தால் 1291இல் வெனிஸ் அரசு சூளைகளை அத்தீவுக்கு மாற்றியது. அந்தத் தீவின் கண்ணாடிக்குள் ஷாமின் பங்கு நிறைய உண்டு. 1277இல் வெனிஸ், கரையோரச் சிலுவைப்போர் ஆட்சியாளருடன் செய்த உடன்படிக்கையில், திரிபோலியிலிருந்து ஏற்றிச் செல்லும் உடைந்த கண்ணாடிக்கு வரி பற்றிய பேச்சு வருகின்றது. கண்ணாடிக்கு வேண்டிய செடிச் சாம்பல் ஷாமிலிருந்தே கப்பலேறியது. அந்தச் சாம்பலைச் சுத்திகரித்தே 15ஆம் நூற்றாண்டின் நடுவில் பளிங்கு போன்ற கிறிஸ்தல்லோவை முரானோவினர் கண்டுபிடித்தனர். மிலேஃபியோரி, அதாவது ஆயிரம் பூ என்ற பூக்கண்ணாடியும், லத்திமோ என்ற பால்வெள்ளைக் கண்ணாடியும் அவர்களுடைய சொற்கள்.

1400–1401இல் தைமூர் திமிஷ்கைச் சூறையாடி, கைவினைஞர்களைச் சமர்கந்துக்குக் கொண்டு சென்றான். ஷாமின் கண்ணாடிக் கலை அதன் பின்னர் பழைய நிலைக்கு வரவில்லை. 1569இல் உதுமானிய வஸீர் ஸொகொல்லு மெஹ்மத் பாஷா பள்ளிவாசல் விளக்குகள் 900ஐ முரானோவிடம் செய்யக் கேட்டு ஆளனுப்பினார். கற்றுக்கொடுத்த வீடு கடன் கேட்டுப் போன கதை இது!

கண்ணேறு மணி

கலீல் கடைகளில் நீல நிறத்தில் கண் வடிவ மணிகள் சரம் சரமாகத் தொங்கும். கண்ணேறு படாமலிருக்கப் பிள்ளையின் கழுத்திலும், வாகனத்திலும், வீட்டு வாசலிலும் கட்டுவார்களாம். எங்கள் குழுவிலும் சில சகோதரிகள் ஆசையோடு கையில் எடுத்தார்கள். எங்கள் ஊரில் பிள்ளைக்குக் கறுப்புப் பாசி கட்டுவது போன்றதுதானே என்றார்கள்.

ஆம், அது போன்றதுதான். அதனால்தான் சொல்கின்றேன்: இரண்டும் வேண்டாம். காப்பாற்றும் என்று நம்பித் தாயத்துப் பொருளைக் கட்டுவதை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகத் தடுத்திருக்கின்றார்கள். அந்த மணி என்ன? உடைந்த போத்தலும் கொஞ்சம் கோபால்ட்டும். தன்னையே உடையாமல் காத்துக்கொள்ள முடியாத பொருள், பிள்ளையை எப்படிக் காக்கும்? ஸூறத்துல் ஃபலக்கையும் நாஸையும் ஓதி ஊதுங்கள். அந்தத் தொழிலாளிக்கு உதவ விரும்பினால் ஒரு சாடியை வாங்குங்கள், ஒரு கிண்ணத்தை வாங்குங்கள். அவர் பிழைக்கவும் வேண்டும். நமது ஈமான் கீறாமல் இருக்கவும் வேண்டும்.

கவாரீர்

கடைசியாக, உங்களுக்கென்றே உள்ள ஒரு சொல்.

பிரயாணம் ஒன்றில் அன்ஜஷா என்பவர் இனிய குரலில் பாடி ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டிருந்தார். பாட்டைக் கேட்டு ஒட்டகங்கள் வேகமெடுத்தன. அவற்றின் மேல் பெண்கள் இருந்தனர். நபி (ஸல்) அவர்கள் அன்ஜஷாவை அழைத்து மெதுவாக ஓட்டும்படி கூறினார்கள். அப்போது அப்பெண்களைக் குறிக்க அவர்கள் பயன்படுத்திய சொல்தான் கவாரீர். கண்ணாடிக் குப்பிகள்! புஹாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸ் இது. குலுங்கலால் அவர்களுக்கு நோவு ஏற்படும் என்பது ஒரு விளக்கம். இனிய குரல் உள்ளத்தை அசைத்துவிடும் என்பது மற்றொரு விளக்கம்.

பெண் பலவீனமானவள் என்று காட்டுவதற்கே சிலர் இந்த ஹதீஸை எடுத்துக்கொள்கின்றார்கள். சூளையின் முன்னே ஒரு மணி நேரம் நின்றால் அந்த எண்ணம் மாறும். கண்ணாடி ஆயிரம் பாகைக்கு மேலான நெருப்பைக் கடந்து வந்த பொருள். புளியும் உப்பும் அதை அரிக்காது. இரும்பைப் போல அது துருப்பிடிக்காது. நூற்றாண்டுகள் மண்ணில் புதைந்து கிடந்து மீண்டும் எழுந்து வரும். அதற்கு ஆகாதது ஒன்றுதான்: முரட்டுத்தனம். திடீர்ச் சூடும், திடீர்க் குளிரும். காலையில் கொதித்து விழுந்துவிட்டு, மாலையில் பெருநாள் உடுப்போடு வந்து சமாதானம் பேசும் கணவன்மார், மேலே சொன்ன கிளாசையும் தேத்தண்ணியையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கீறல் வெளியே தெரியாமலும் இருக்கும். மேலும், அந்த ஹதீஸில் கட்டளை பெண்களுக்கு இடப்படவில்லை. ஒட்டகத்தின் கயிற்றைக் கையில் வைத்திருந்தவருக்கே இடப்பட்டது. இந்தப் பக்கத்தை மடித்து வைத்து வீட்டுக்காரருக்கும் காட்டுங்கள்.

ஸியாரத்துக்கான வழி மீண்டும் திறந்து, கலீலுக்குச் செல்லும் பாக்கியம் உங்களுக்குக் கிடைத்தால் சில குறிப்புகள். கையால் ஊதிய பாத்திரத்தின் அடியைத் தடவிப் பாருங்கள். கம்பி ஒட்டிய இடத்தில் ஒரு தழும்பு இருக்கும். ஒளிக்கு நேரே பிடித்தால் சிறு காற்றுக் குமிழிகள் தெரியும். ஒரே வடிவத்து இரண்டு கிண்ணங்கள் மயிரிழை வித்தியாசப்படும். இவை குறைகளல்ல, அடையாளங்கள். விலை பேசும்போது தொழிலாளியின் வியர்வையையும் கணக்கில் எடுங்கள். பெட்டியில் உடுப்புகளுக்கு நடுவே சுற்றி வையுங்கள். தப்பித்தவறி உடைந்தாலும் கவலை வேண்டாம். உடைந்த கண்ணாடிதான் அந்தச் சூளைக்குத் தீனி.

இப்ராஹீம் (அலை) அவர்களின் ஊரில் அந்த நெருப்பு அணையாமலிருக்கவும், அந்த மக்களின் நெஞ்சங்களில் எரியும் நெருப்பு அணையவும் அல்லாஹ்விடம் துஆச் செய்வோமாக! ஆமீன். வஸ்ஸலாம்.